பட்டை கூட்டினால் பாரம் கூடுமா?

''நாலு ஏக்கர் மானாவாரி. மணிலாவும் உளுந்தும் போடுறேன். அறுவடை நாள்ல என் டிராக்டர், டிரெய்லர்லயே ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டை ஏத்துவேன். மத்த மாசங்கள்ல செராமிக் பட்டறைங்களுக்குக் களிமண் கொண்டுபோய் இறக்கிட்டு, சுட்ட அகல்விளக்கு, பொம்மைகளை லாரி ஷெட்டுல சேர்ப்பேன். வழியில உடையுற சரக்குக்கு வாடகையில பிடிச்சுக்கிறாங்க. வண்டியும் ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது. இன்னும் மூணு பட்டை கூட்டிப் போட்டா குலுக்கல் நின்னுடும், ஒரு டன் சேர்த்தும் ஏத்தலாம்னு சொல்றாங்க. செய்யலாமா?''

விருத்தாசலம் வட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். டிரெய்லரை வாடகைக்கு ஓட்டி விவசாய நஷ்டத்தை ஈடுகட்டுகிற எல்லோருக்கும் உதவும் கேள்வி என்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம். சுருக்கமான பதில் இதுதான்: மூன்று பட்டை கூட்டினால் அகல்விளக்கு இன்னும் அதிகமாக உடையும். ஒரு டன்னும் கூடாது. எப்படி என்று பார்க்கலாம்.

வில்வண்டி சொல்லும் பாடம்

நம் தாத்தா காலத்தில் மூட்டை ஏற்றப் பார வண்டி இருந்தது. வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் கோயிலுக்கு, கல்யாணத்துக்கு அழைத்துப் போக, வசதியுள்ள வீடுகளில் வில்வண்டி இருந்தது. இரண்டுக்கும் வித்தியாசம், அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வளைந்து நின்ற அந்த இரும்பு வில்தான். சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் வில் அமுங்கி அந்த அடியை வாங்கிக்கொள்ளும். மேலே இருப்பவர்களுக்குப் பாதி அதிர்ச்சிகூட வந்து சேராது.

இன்றைக்கு லாரியிலும் டிரெய்லரிலும் இருக்கிற கமான் பட்டையும் அதே வில்தான். அமுங்கினால்தான் அது வில். அமுங்காத அளவுக்குக் கெட்டியாக்கிவிட்டால் வில்வண்டி மறுபடி பார வண்டியாகிவிடும்.

கணக்காகவே பார்க்கலாம். நாலு டன்னுக்கு 8 சென்டிமீட்டர் அமுங்குகிற பட்டை, ஒரு டன் பீங்கான் சரக்குக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர்தான் அமுங்கும். அதாவது, களிமண் ஏற்றும்போது மெத்தென்று போகிற வண்டி, அகல்விளக்கு ஏற்றும்போது கட்டை வண்டிபோலக் குதிக்கும். எட்டுப் பட்டை இருக்கும் கட்டில் அதே கனத்தில் மூன்றைக் கூட்டினால் விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறும். 8 மில்லிமீட்டர் பட்டைகளை எடுத்துவிட்டு அதே நீளத்தில் 10 மில்லிமீட்டர் போட்டால் விறைப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். பட்டையின் கனம் 2 மில்லிமீட்டர் கூடினாலே அவ்வளவு வித்தியாசம். நீளம் கூடினால் நேர்மாறு. பத்தில் ஒரு பங்கு நீளமான பட்டை, சுமார் கால் பங்கு மென்மையாகிவிடும்.

எடையைத் தாங்குவது பட்டை மட்டுமல்ல

பாரம் பட்டையோடு நின்றுவிடுவதில்லை. அது அச்சு, பேரிங், சக்கரத்தட்டு, டயர், இழுவைக் கொக்கி, சேஸிஸ் வெல்டிங், பிரேக் என்று ஒவ்வொன்றிலும் உட்காருகிறது. பட்டையை மட்டும் பலமாக்கினால், பட்டை உடைவதற்குப் பதிலாக அச்சு வளையும். இல்லையென்றால் டயர் வெடிக்கும். பட்டை உடைந்தால் வண்டி சாய்ந்து நிற்கும், நமக்குத் தெரிந்துவிடும். ஓடும்போது அச்சு முறிந்தால் பக்கத்தில் போகிற டூவீலர்காரர் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் வண்டியின் உண்மையான அளவு டயரின் ஓரத்திலேயே இருக்கிறது. சில டயர்களில் அதிகபட்ச எடை கிலோவிலேயே அச்சாகியிருக்கும். சிலவற்றில் குறியீட்டு எண் இருக்கும். உதாரணமாக 121 என்றால் ஒரு டயர் 1,450 கிலோ தாங்கும். அப்படி இரண்டு டயர் என்றால் 2,900 கிலோ. இதில் டிரெய்லரின் சொந்த எடையும் சேர்ந்துதான் கணக்கு.

இன்னொரு விஷயத்தையும் பலர் கவனிப்பதில்லை. 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள பெட்டி என்று வைத்துக்கொள்வோம். அதில் நிறைய மணிலாக்காய் கொட்டினால் ஒரு டன்னை ஒட்டி வரும். நெல் என்றால் இரண்டு டன். ஈரக் களிமண்ணை அதே மட்டத்துக்கு நிரப்பினால் ஐந்தரை டன்னைத் தாண்டிவிடும். பெட்டி நிரம்பியதா என்று பார்த்து ஏற்றுகிற பழக்கம் நெல்லுக்குச் சரி, மண்ணுக்குச் சரிவராது. களிமண் ஏற்றிய முதல் நடையை எடை மேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். எத்தனை அங்குல உயரம் வரை ஏற்றலாம் என்று தெரிந்துகொண்டு, பெட்டியின் உள்பக்கம் பெயின்ட்டால் கோடு போட்டுவிடுங்கள்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். பட்டை கூட்டியதால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடை கூடிவிடாது. 2019-ம் ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு அதிகபாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் பணம் வருவதிலும் சிக்கல் வரும்.

காசு செலவழிக்கும் முன்

வண்டி சாய்கிறது, குலுக்குகிறது என்றால் முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். டேப்பும் சாக்பீஸும் போதும்.

* சமதளத்தில் வெறும் வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் அச்சுக்கும் சேஸிஸுக்கும் உள்ள உயரத்தை அளந்து எழுதுங்கள். பாரம் ஏற்றிய பிறகு மறுபடி அளக்கவும். ஒரு பக்கம் அதிகமாக அமுங்கினால் அந்தப் பக்கப் பட்டை தளர்ந்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது.
* சேஸிஸின் அடியில் அச்சுக்கு நேர் மேலே பெயின்ட் போய்ப் பளபளவென்று தேய்ந்திருந்தால், பாரத்தோடு போகும்போது அச்சு அங்கே போய் இடிக்கிறது என்று அர்த்தம்.
* கொக்கி ஊசியிலிருந்து இடது சக்கர நடுப்பகுதிக்கும், வலது சக்கர நடுப்பகுதிக்கும் டேப் பிடியுங்கள். இரண்டும் சமமாக இல்லையென்றால் சென்டர் போல்ட் அறுந்து அச்சு நகர்ந்திருக்கலாம். டயர் ஒரு பக்கமாகத் தேய்வதற்கும் இது காரணமாகும்.
* சேக்கிள், புஷ், யு போல்ட் மூன்றையும் பாருங்கள். கடப்பாரையால் நெம்பினால் சேக்கிள் 'லொடலொட'வென்று ஆடினால் புஷ் போய்விட்டது.
* டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது? சாலையின் அடியை முதலில் வாங்குவது டயர்தான். அளவுக்கு மேல் காற்று அடித்தால் அது கல்லாகிவிடும். அதிக பாரத்துக்குக் குறைந்த காற்று என்றால் டயர் சூடாகி ஓரம் வெடிக்கும். எந்த எடைக்கு எவ்வளவு காற்று என்ற அட்டவணை டயர் கடையில் கிடைக்கும்.

அடியில் குனிந்து பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. டிப்பர் பெட்டியைத் தூக்கிவிட்டு, முட்டுக் கொடுக்காமல் ஒருபோதும் உள்ளே போகாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

எதை, எந்த வரிசையில் மாற்றலாம்?

முதலில் புஷ். அமெரிக்காவில் வண்டிக்குப் பின்னால் கொக்கி மாட்டி வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்கள். அந்த வீட்டு வண்டிகள் பலவற்றிலும் நம் டிரெய்லரில் இருக்கிற மாதிரிப் பட்டையும் சேக்கிளும்தான். நைலான் புஷ்ஷோடு வாங்கிய வண்டிகளில், வெண்கல புஷ்ஷும் கிரீஸ் ஏற்றுகிற போல்ட்டும் மாற்றிக்கொள்வதைத்தான் பலரும் முதல் வேலையாகச் செய்கிறார்கள். நாமும் அங்கிருந்தே தொடங்கலாம். செலவு குறைவு, கிரீஸ் அடிக்க வழி கிடைக்கும், தேய்மானமும் குறையும்.

இரண்டாவது, பட்டைக் கட்டு. தளர்ந்திருந்தால் இரண்டு பக்கமும் ஜோடியாகவே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழசு என்றால் சாய்வு தீராது. யு போல்ட்டையும் புதிதாகப் போடவும். முதல் நடை முடிந்ததும் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை நட்டை முறுக்கிவிடுங்கள். இதைச் செய்யாமல் விடுவதாலேயே சென்டர் போல்ட் அறுந்துபோகிறது.

மூன்றாவது, ஹெல்பர் பட்டை. நம் வாசகருக்கு ஏற்றது இதுதான். லாரியின் பின்பக்கம் பார்த்திருப்பீர்கள். அடிப்பட்டைக் கட்டுக்கு மேலே தட்டையாக இன்னொரு சிறு கட்டு இருக்கும். வண்டி காலியாகவோ லேசான பாரத்தோடோ போகும்போது அது எதையும் தொடாது. கனமான பாரம் ஏறி அமுங்கிய பிறகுதான் அதன் முனைகள் பிராக்கெட்டில் உட்கார்ந்து தோள் கொடுக்கும். அகல்விளக்குக்கு மென்மையாகவும், களிமண்ணுக்கு விறைப்பாகவும் ஒரே வண்டி ஓட இது வழி. ஆனால், ஹெல்பர் போட்டாலும் டயரும் அச்சும் சொல்கிற எடைதான் எல்லை.

நான்காவது, சமன் தண்டு. இரட்டை அச்சு டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். முன்பட்டைக்கும் பின்பட்டைக்கும் நடுவில் தராசுத் தண்டுபோல ஆடுகிற ஈக்வலைசர் இருக்க வேண்டும். அது இல்லையென்றால், ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது மொத்தப் பாரமும் அந்த ஒரு அச்சின் மேல் விழும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். அச்சுக்குக் கீழே இருக்கிற பட்டையை, உயரத்துக்காக அச்சுக்கு மேலே மாற்றிக் கட்டுகிறார்கள். வண்டி உயர்ந்தால் பாரமும் உயரும். கரும்போ வைக்கோலோ ஏற்றிக்கொண்டு வரப்பு ஓரத்தில் திரும்பும்போது கவிழ்வதற்கு அதுவே காரணமாகிவிடும்.

உடையாமல் ஏற்றுவது எப்படி?

பட்டை வாங்காத மீதி அதிர்ச்சியைச் சரக்கு கட்டும் முறைதான் வாங்க வேண்டும். அடியில் ஒரு முழ உயரம் காய்ந்த வைக்கோல், பெட்டிகளுக்கு நடுவே சாக்கு என இடைவெளி இல்லாமல் இறுக்கி அடுக்குங்கள். பீங்கான் உடைவது பெரும்பாலும் ஒன்றோடொன்று மோதுவதால்தான். இரண்டு சக்கர டிரெய்லரில் பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். பின்னால் தள்ளி ஏற்றினால் கொக்கி மேலே தூக்கி, டிராக்டரின் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும். தக்காளி, முட்டை ஏற்றுகிறவர்களுக்கும் இதே முறைதான்.

மேலும் சில கேள்விகள்

உடைந்த பட்டையை வெல்டிங் வைக்கலாமா?
கூடாது. லாரிப் பட்டையில் அரிவாள் அடிக்கிற கொல்லரைக் கேட்டுப் பாருங்கள். காய்ச்சி அடித்த பிறகு மறுபடி பதம் ஏற்றினால்தான் அது அரிவாள். வெல்டிங் சூட்டில் பட்டையின் பதம் போய்விடும். பற்ற வைத்த இடத்தை ஒட்டியே மறுபடி உடையும்.

பழைய லாரிப் பட்டை மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?
லாரியின் எடைக்குச் செய்த பட்டை நம் டிரெய்லருக்கு மிக விறைப்பு. எத்தனை ஆண்டு ஓடியது, எங்கே கீறல் இருக்கிறது என்பதும் தெரியாது. தவிர்ப்பது நல்லது.

டிரெய்லரில் கூலியாட்களை ஏற்றிப் போவதற்காகப் பட்டையை மென்மையாக்கலாமா?
எந்தப் பட்டை போட்டாலும் டிரெய்லர் ஆட்கள் ஏறுகிற வண்டி அல்ல. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள் டிரெய்லர் கவிழ்ந்து உயிரிழந்த செய்திகளை நாம் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். ஆட்களுக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி கேட்ட விருத்தாசலம் வாசகருக்குக் கடைசியாக ஒரு யோசனை. சீசன் தொடங்கும் முன் ஒரு நாள் ஒதுக்கி, உயரத்தை அளந்து, புஷ்ஷையும் யு போல்ட்டையும் மாற்றுங்கள். அடுத்த பத்து நடையில் எத்தனை விளக்கு உடைந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதற்குப் பிறகும் குறையவில்லை என்றால் ஹெல்பர் பட்டைக்குப் போகலாம். அந்த நோட்டு, வாடகை பேசும்போதும் கையில் இருக்கட்டும்.