பாதுகாப்புக் கட்டளை தலாக் அல்ல

கணவனிடம் அடி வாங்கும் ஒரு பெண் எங்களூரில் உதவி கேட்டால் அவளுக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள்தான் சொல்லப்படும். உம்மா வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வா. பள்ளி நிர்வாகத்தாரிடம் சொல். அதுவும் சரிவராவிட்டால் காதியாரிடம் போ. இந்த வழிகளால் நன்மையடைந்த குடும்பங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் “இனி இவள் மீது கை வைக்காதே, மீறினால் தண்டனை” என்று கட்டளையிடும் சட்ட அதிகாரம் இந்த மூன்று இடங்களில் எதற்கும் இல்லை. அது நீதவான் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. அந்த நீதிமன்றம் வழங்கும் ஆணைக்குப் பாதுகாப்புக் கட்டளை என்று பெயர்.

என் சாச்சி ஒரு பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்கிறார். லீவு நாட்களில் அவரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டும், சட்டத்தின் தமிழ்ப் பிரதியை அவரோடு உட்கார்ந்து வாசித்தும் தெரிந்துகொண்டவற்றை என் தோழிகளுக்காக இங்கே எழுதுகிறேன். உயர்தர வகுப்பு மாணவிகளுக்கு இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். 2019 இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நாடு முழுவதும் நடத்திய பெண்கள் நலன் பற்றிய ஆய்வின்படி, மணவாழ்வில் அல்லது துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐவரில் ஒருவர் தம் துணைவரால் உடல் ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார். எங்கள் வகுப்பில் இருக்கும் ஒவ்வொருவரின் வீட்டிலும் உம்மா, ராத்தா, மாமி, சாச்சி என்று எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறையைத் தடுத்தல் சட்டம் இலங்கையர் எல்லோருக்கும் பொதுவானது. முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் திருமணம் முடித்தவர்களுக்கும் இது பொருந்தும். தலாக், பஸஹ், தாபரிப்பு, மஹர் போன்றவை காதி நீதிமன்றத்துக்கு உரியவை. பாதுகாப்போ நீதவான் நீதிமன்றத்துக்கு உரியது. ஒரு பெண் இரண்டு இடத்துக்கும் போகலாம். ஒன்றுக்குப் போனதால் மற்றக் கதவு அடைபடாது.

அடி, உதை, காயம், கொலை மிரட்டல் ஆகியவற்றை மட்டும் இச்சட்டம் வன்முறை என்று சொல்லவில்லை. ஒருவரைத் தொடர்ச்சியாக இழிவுபடுத்தியும் கொடுமைப்படுத்தியும் மனதை வதைப்பதும் வன்முறைதான். வன்முறை செய்பவர் கணவனாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. முன்னாள் கணவன், தகப்பன், தாய், மகன், சகோதரன், பெற்றோரின் உடன்பிறந்தோர் என உறவினர் பலருக்கு எதிராகவும் கட்டளை கேட்கலாம். மகன் குடித்துவிட்டு வந்து அடிக்கும் வயதான தாய்க்கும் இந்தச் சட்டத்தில் இடமுண்டு.

மூன்று பயங்கள்

எங்கள் தெருவில் ஒரு ராத்தா இருக்கிறார். அவர் சம்மதித்ததால் இதை எழுதுகிறேன், அடையாளம் தெரியக்கூடிய விபரங்களை விட்டுவிடுகிறேன். பல வருடமாக அடி வாங்கிய அவர் ஒரு நாள் பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். சாச்சியும் அன்று வந்திருந்தார். பாதுகாப்புக் கட்டளை பற்றிச் சாச்சி சொன்னதும் ராத்தா பயந்துவிட்டார். அவருக்கு இருந்த மூன்று பயங்களும் இப்படியான பெண்கள் பலருக்கு இருப்பவைதான் என்று சாச்சி பிறகு என்னிடம் சொன்னார்.

முதல் பயம்: “கோட்டுக்குப் போனால் தலாக் ஆகிவிடுமே!” ஆகாது. பாதுகாப்புக் கட்டளையால் நிகாஹ் முறியாது. கட்டளை வந்த பிறகும் அவர்கள் கணவன் மனைவிதான். சேர்ந்து வாழ்வதா பிரிவதா என்பது வேறு கேள்வி. அதை யோசிப்பதற்கு அடி விழாத சில மாதங்கள் அவளுக்குக் கிடைக்கின்றன.

இரண்டாவது பயம்: “அவரைப் பிடித்து உள்ளே போட்டால் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது?” கட்டளை கேட்டு விண்ணப்பித்தவுடன் யாரையும் சிறையில் போடுவதில்லை. இன்னின்ன காரியங்களைச் செய்யாதே என்று நீதிமன்றம் அவருக்குச் சொல்கிறது. அவர் கேட்டு நடந்தால் சிறைக்குப் போக வேண்டியதில்லை. தெரிந்துகொண்டே மீறினால்தான் குற்றம். அதற்கு 10,000 ரூபா வரை தண்டம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். குடும்பத்தைப் பராமரிக்கும் கடமையுள்ள கணவன் அவசரச் செலவுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிடவும் நீதிமன்றத்தால் முடியும்.

மூன்றாவது பயம்: “பேப்பரில் பேர் வந்தால் என் மகளை யார் முடிப்பார்கள்?” இந்த வழக்குகளில் சம்பந்தப்பட்டவர்களின் பெயரையோ அவர்களை அடையாளம் காட்டும் விபரத்தையோ வெளியிடுவதைச் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது.

இவற்றைக் கேட்ட பிறகும் ராத்தா உடனே சம்மதிக்கவில்லை. இரண்டு கிழமை யோசித்தார். சாச்சி அவசரப்படுத்தவில்லை. உதவி செய்பவர் வழியைச் சொல்லலாம், கூடப் போகலாம், முடிவெடுப்பது அவள்தான் என்றார். கடைசியில் ராத்தா விண்ணப்பித்தார். இடைக்காலக் கட்டளையும் கிடைத்தது. அவருடைய கணவர் தன் உம்மா வீட்டில் போய் இருந்தார். அவர்கள் இன்னும் விவாகரத்துச் செய்யவில்லை, திரும்பச் சேரவும் இல்லை. “ராவைக்கு கதவு தட்டுற சத்தம் கேட்டா இப்ப நெஞ்சு பதறுறதில்ல” என்று ராத்தா என் உம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன்.

எங்கே, எப்படிக் கேட்பது?

பாதிக்கப்பட்டவர் தானே நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அவர் சார்பாகப் பொலிஸ் அதிகாரி ஒருவரும் விண்ணப்பிக்கலாம். பாதிக்கப்பட்டவர் பிள்ளையாக இருந்தால் பெற்றோர், பாதுகாவலர், பிள்ளை யாருடன் வசிக்கிறதோ அவர், அல்லது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் அதிகாரம் பெற்றவர் விண்ணப்பிக்கலாம். அவள் வசிக்கும் இடத்துக்குரிய நீதிமன்றத்திலேயே கேட்கலாம். தற்காலிகமாக உம்மா வீட்டில் இருக்கிறாள் என்றால் அந்த ஊருக்குரிய நீதிமன்றமும் போதும். விண்ணப்பப் படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. நடந்ததை விளக்கும் சத்தியக்கடதாசியையும் சேர்த்துக் கொடுக்கலாம். சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். 1987 முதல் இயங்கும் விமன் இன் நீட் என்ற அமைப்பும் சட்ட ஆலோசனையும் உளவள ஆலோசனையும் வழங்குகிறது.

விண்ணப்பம் கிடைத்ததும் அவசரத்தைப் பார்த்து நீதவான் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். முழு விசாரணைக்கான தினத்தை 14 நாட்களுக்குள் குறிக்க வேண்டும். எதிராளிக்கு அறிவித்தல் போகும், அவரும் வந்து தன் பக்கத்தைச் சொல்லலாம். விசாரணைக்குப் பின் வழங்கப்படும் கட்டளை 12 மாதம் வரை செல்லும். தேவைப்பட்டால் அதை மாற்றவோ நீடிக்கவோ விண்ணப்பிக்கலாம்.

வன்முறை செய்யாதே என்பதோடு வேறு தடைகளையும் கட்டளையில் சேர்க்கலாம். வீட்டுக்குள் வராதே, அவள் வேலை செய்யும் இடத்துக்கோ படிக்கும் இடத்துக்கோ போகாதே, பின்தொடராதே, அவளைத் தொடர்புகொள்ளாதே, அவளை நிர்க்கதியாக்கும் விதத்தில் குடும்ப வீட்டை விற்காதே என்றெல்லாம் தடுக்கலாம். அவளுடைய உடைமைகளை எடுத்துவரப் பொலிசார் துணைக்குப் போக வேண்டும் என்றும் உத்தரவிடலாம். அடித்தவனை வீட்டுக்கு வராமல் தடுக்க முடியும் என்பது எனக்குப் புதிய செய்தி. அதுவரை, அடி வாங்கியவள்தான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும் என்றே நினைத்திருந்தேன்.

பொலிசுக்குப் போகும்போது

பொலிஸ் நிலையங்களில் சிறுவர், பெண்கள் பிரிவு இருக்கிறது. அங்கே சில சமயம் “பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்று இருவரையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசி அனுப்பிவிடுவார்கள். அப்படி அனுப்பினாலும் நேரே நீதிமன்றம் போகும் உரிமை அவளுக்கு இருக்கிறது. முறைப்பாட்டைப் பதிந்துகொண்டு அதன் இலக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

எங்களைப் போல சிங்களம் பெரும்பான்மையாகப் பேசப்படும் பகுதிகளில் உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பெண் தமிழில் அழுதழுது சொல்வாள், எழுதுபவர் சிங்களத்தில் எழுதுவார். எழுதியதை வாசித்துக் காட்டி, விளங்கும்படி சொன்ன பிறகுதான் கையெழுத்து வைக்க வேண்டும். “அடித்தார்” என்று சொன்னது “வாய்த்தர்க்கம்” என்று எழுதப்பட்டிருந்தால் பிறகு நீதிமன்றத்தில் அது அவளுக்கே எதிராக வரும். இரண்டு மொழியும் தெரிந்த ஒரு பெண் கூடப் போவது எவ்வளவு பெரிய உதவி என்பது அப்போதுதான் விளங்கும்.

காயம் இருந்தால் அரசாங்க வைத்தியசாலைக்குப் போய், அது எப்படி ஏற்பட்டது என்ற உண்மையைச் சொல்ல வேண்டும். “படியில் விழுந்துவிட்டேன்” என்று சொன்னால் அதுதான் பதிவாகும். பல வைத்தியசாலைகளில் இப்படியான பெண்களுக்கென்றே ‘நட்பு நிலையம்’ என்ற பிரிவு உண்டு, சிங்களத்தில் ‘மித்துரு பியச’ என்பார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

சாச்சி சொன்னவற்றுள் மாணவிகளாகிய எங்களால் செய்யக்கூடியவை சில. சொல்ல வருபவளின் பேச்சைக் குறுக்கிடாமல் கேட்பது. “நீ என்ன செய்தாய், அவர் ஏன் அடித்தார்?” என்று கேட்காமல் இருப்பது. அவள் சொன்னதை வேறு யாரிடமும் கொண்டுபோகாமல் இருப்பது. அடையாள அட்டை, விவாகப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வைத்தியசாலைத் துண்டுகள் ஆகியவற்றின் பிரதிகளை நம்பிக்கையான ஒரு வீட்டில் வைக்க உதவுவது. மிரட்டி வந்த வட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைக்கச் சொல்வது. காயங்களைப் படம் எடுத்தால் திகதியைக் குறிப்பது. அவள் நீதிமன்றம் போகும் நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. இந்தக் கடைசி வேலையைத்தான் எங்கள் தெரு ராத்தாவுக்காக நான் செய்தேன். அவருடைய சின்ன மகனுக்குச் சோறு ஊட்டுவது ஒரு வழக்குக்கு உதவி என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பிள்ளையை விட்டுவர இடமில்லாமல் தவணைக்குப் போகாமலே விட்ட பெண்கள் இருக்கிறார்கள் என்று சாச்சி சொன்னார்.

“ஸப்ர் செய்” என்று சொல்லும் பெரியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும் தம் கையால் அடித்ததில்லை என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அந்த ஸுன்னாவை அடிக்கிறவருக்கும் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லியும் கேளாதவருக்குத்தான் நீதிமன்றத்தின் கட்டளை தேவைப்படுகிறது.

மூன்று இலக்கங்களை உங்கள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். பெண்களுக்கான உதவிச் சேவை 1938. சிறுவர்களுக்கு 1929. உடனடி ஆபத்தென்றால் பொலிஸ் 119. கொப்பி என்பதால் வீட்டில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தேவைப்படும் ஒருத்திக்கு அதைக் கிழித்துக் கொடுக்கவும் முடியும்.