படம் எடுப்பவரும் படத்தில் இருக்கட்டும்

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் வங்கிக் கிளைகளில் தனியொரு களை கூடும். ஓய்வூதியம் பெறும் பெரியவர்கள் உயிர்வாழ் சான்றிதழ் அளிக்க வரும் மாதம் அது. அதற்கு வேண்டிய நேரம் சில நிமிடங்களே. ஆயினும் அவர்களுள் பலர் அரைமணி நேரம் அமர்ந்து உரையாடிவிட்டே விடைபெறுவர். உடல்நலத்தில் தொடங்கும் பேச்சு பேரக்குழந்தைகளிடம் வந்து நிற்கும். உடனே சட்டைப் பையிலிருந்து கைபேசி வெளிவரும். "இதைப் பாருங்கள், சென்ற வாரம் எடுத்தது" என்று படங்கள் ஒவ்வொன்றாக எங்கள் முன் நகரும். வரிசையில் பின்னால் நிற்பவரும் எட்டிப் பார்த்துப் புன்னகைப்பார்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நாகபுரியில் நாங்கள் பணியாற்றியபோது அவ்வாறு அறிமுகமானவர், ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மராத்தியப் பெரியவர். பேரக்குழந்தைகளுக்கு அவர் 'ஆஜோபா'. மராத்தியில் தாத்தாவை அப்படித்தான் அழைப்பார்கள். நாளடைவில் எங்கள் கிளையினர் அனைவருக்கும் அவர் ஆஜோபா ஆகிவிட்டார்.

பன்னிரண்டு படங்களின் காலம்

இளமையில் அவர் வாங்கிய முதல் கேமரா ஆக்ஃபா கிளிக் 3. நம்மில் ஐம்பதைக் கடந்த பலருக்கும் நினைவிருக்கும் பெட்டி அது. ஒரு பிலிம் சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள், அவ்வளவே. சுருளுக்கு ஒரு செலவு, கழுவ ஒரு செலவு, அச்சிட ஒரு செலவு. ஆகவே திருமணம், பெயர் சூட்டு விழா, தீபாவளி ஆகியவற்றுக்கே அந்தப் பன்னிரண்டும் போதாது. மகன் முதன்முதலாக மிதிவண்டி ஓட்டிய நாளில் கேமராவில் ஒரே ஒரு படம் எஞ்சியிருந்ததாம். மறுவாரம் வரவிருந்த உறவினர் திருமணத்துக்காக அதை எடுக்காமலே விட்டுவிட்டார். அந்தக் குறை அவருக்கு நாற்பது ஆண்டுகளாகத் தீரவில்லை.

ஓய்வு பெற்ற பின் அதே மகன் ஒரு கைபேசியை வாங்கிக் கொடுத்தார். இனி எண்ணி எண்ணி எடுக்க வேண்டியதில்லை என்று அறிந்தபோது அப்பெரியவர் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. அன்று தொடங்கி அவர் எடுத்தவை யாவும் அன்றாடக் காட்சிகளே. தலை பின்னிக்கொண்டிருக்கும்போதே உறங்கிப்போன பேத்தி. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் காலணியை மாற்றி அணிந்த பேரன். காலைச் சிற்றுண்டியான போஹாவிலிருந்து எழும் ஆவி. முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கும் மனைவி. "பண்டிகையை எல்லாரும் படம் எடுப்பார்கள், சாகேப். செவ்வாய்க்கிழமையை யார் எடுப்பார்கள்?" என்று அவர் எங்களிடம் ஒருமுறை கேட்டார். அதற்கு எங்களிடம் விடை இல்லை.

மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, படத்தை விரல்களால் பெரிதாக்கி, "இந்தக் கண்ணைப் பாருங்கள், இது என் தாயாரின் கண்" என்று அவர் காட்டும்போது எங்கள் கிளையில் சற்று நேரம் கணக்கும் வழக்கும் நின்றுபோகும்.

ஒரே ஒரு படம்

ஓர் ஆண்டு, நவம்பருக்கு வெகு முன்னரே, மழைக்காலத்தில் அவர் வந்தார். கையில் மனைவியின் இறப்புச் சான்றிதழ் இருந்தது. கூட்டுக் கணக்கிலிருந்து அவர் பெயரை நீக்க வேண்டும். நியமனதாரரை மாற்ற வேண்டும். படிவங்களை நாங்களே நிரப்பினோம். அவர் கையொப்பம் மட்டும் இட்டார்.

வேலை முடிந்த பின்பும் அவர் எழவில்லை. சற்றுத் தயங்கி, பையிலிருந்து ஓய்வூதிய ஆணையை எடுத்தார். ஓய்வு பெறுபவரும் அவர்தம் துணைவியும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படத்தை அதற்கு அளிக்க வேண்டும் என்பது விதி. அந்தப் படத்தைக் காட்டி, "இதைப் பெரிதாக்கித் தர முடியுமா?" என்று கேட்டார்.

கைபேசியில் ஆயிரக்கணக்கான படங்களை வைத்திருப்பவர் ஏன் இதைக் கேட்கிறார் என்று எங்களுக்கு வியப்பாக இருந்தது. அவரே சொன்னார். மனைவியின் படங்கள் ஏராளமாக உள்ளன. ஆனால் இருவரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. குடும்பமே கூடி நின்ற படங்களிலும் அவர் இல்லை. அவற்றை எடுத்தவர் அவர் அல்லவா? திருமணப் படம் ஒரு மழைக்காலத்தில் ஈரம் ஏறி அழிந்துவிட்டது. மாலையிட்டு வைக்கப்படும் படத்தில் மனைவி தனியாக இருக்க வேண்டாம் என்று பேத்தி அழுகிறாள். தேடித் தேடிப் பார்த்ததில், இருவரும் அருகருகே அமர்ந்திருப்பது விதி கேட்டதால் எடுத்த இந்த ஒரு படத்தில் மட்டுமே.

எங்கள் எழுத்தர் அதை ஸ்கேன் செய்து பெரிதாக்கினார். அம்மையாரின் தோளருகே சான்றொப்பமிட்ட முத்திரையின் ஊதா மை படர்ந்திருந்தது. அதை அழித்துவிடலாமா என்று கேட்டோம். "வேண்டாம், இருக்கட்டும். நாங்கள் இருவரும் ஒன்றாக இருந்தோம் என்பதற்குச் சர்க்கார் முத்திரையே உள்ளதே" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களால் சிரிக்க முடியவில்லை.

தம்மையும் எடுத்துக்கொண்டவர்

குடும்பத்தைப் படம் எடுப்பதில் இன்பம் கண்டவர்களுள் நம் நாட்டில் முன்னோடியாக விளங்கியவர் உம்ராவ் சிங் ஷேர்கில் (1870–1954). ஓவியர் அம்ரிதா ஷேர்கிலின் தந்தை அவர். மனைவியையும் இரு மகள்களையும் புடாபெஸ்டிலும் சிம்லாவிலும் பாரிசிலும் பல்லாண்டுகள் தொடர்ந்து படம் எடுத்தார். படிப்பது, உடுத்துவது, சும்மா அமர்ந்திருப்பது என்று வீட்டு வாழ்க்கையே அவருக்குப் பொருளாயிற்று. அவர் மறவாமல் செய்த மற்றொன்றும் உண்டு. தம்மையும் மீண்டும் மீண்டும் படம் எடுத்துக்கொண்டார். பின்னாளில் அவருடைய பேரனும் கலைஞருமான விவான் சுந்தரம், 2001-இல் அந்தப் பழைய படங்களை ஒன்றோடொன்று இணைத்துப் புதிய படத்தொடர் ஒன்றைப் படைத்தார். அதில் மகள்களோடு தாத்தாவும் இடம்பெற முடிந்தது, அவர் தம் கேமராவின் முன்னால் தாமும் நின்றிருந்ததால்தான்.

நாம் செய்யக்கூடியவை

சேமிப்பைப் பற்றியே எப்போதும் பேசும் நாங்கள், படங்களைச் சேமிப்பது குறித்தும் சில சொற்கள் கூற விரும்புகிறோம். கைபேசியில் மட்டும் உள்ள படம், ஒரே பெட்டியில் பூட்டிய செல்வம் போன்றது. கைபேசி தொலைந்தால் அதுவும் தொலையும். கணினியிலோ தனி நினைவகத்திலோ மற்றொரு பிரதி இருப்பது நன்று. ஆண்டுக்குப் பத்துப் படங்களையேனும் அச்சிட்டு, பின்புறம் பெயரும் நாளும் எழுதி வையுங்கள். பேரன் வளர்ந்த பின் அதில் உள்ளவர் யார் என்று கேட்டால், விடை சொல்ல நாம் அருகில் இல்லாமல் போகலாம். ஏடிஎம் அட்டை, இரகசிய எண் ஆகியவற்றின் படங்களைக் குடும்பப் படங்களோடு ஒருபோதும் வைக்காதீர்கள்.

இவை எல்லாவற்றினும் எளியது ஒன்று உண்டு. பத்துப் படம் எடுத்தால், பதினோராவதைப் பிறர் கையில் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள்.

அவ்வாண்டு நவம்பரில் ஆஜோபா பேத்தியுடன் வந்தார். ஜீவன் பிரமாண் என்னும் மின்னணு உயிர்வாழ் சான்றிதழ் 2014-இல் நடைமுறைக்கு வந்தது. முகத்தைக் கொண்டே அடையாளம் உறுதி செய்யும் வசதி 2021 முதல் அதில் உள்ளது. கைபேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தவள் பேத்திதான். "ஆஜோபா, கண்ணைச் சிமிட்டுங்கள்" என்றாள். கேமராவுக்குப் பின்னாலேயே இருந்து பழகியவர் கூச்சத்தோடு நெளிந்தார். மூன்றாம் முறைதான் சான்றிதழ் ஏற்கப்பட்டது.

அவர் எழப்போனார். "இன்னும் முடியவில்லை, அப்படியே இருங்கள்" என்று பேத்தி அவரை அமர்த்தினாள். அருகில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுத் தானும் அமர்ந்து, கைபேசியை எங்களிடம் நீட்டினாள். அன்று செவ்வாய்க்கிழமை அல்ல, வெள்ளிக்கிழமை. விசேஷம் ஏதுமில்லாத ஒரு நாள். நாங்கள் இரண்டு படங்கள் எடுத்தோம்.