ஹவாய்: அழகின் விலை

பசிபிக் பெருங்கடலின் நடுவே, கலிபோர்னியாவிலிருந்து ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஹவாய், அமெரிக்காவிலேயே வாழ்க்கைச் செலவு மிகுந்த மாநிலங்களுள் ஒன்று. அரிசி முதல் சிமென்ட் வரை பெரும்பாலானவை கப்பலில்தான் வந்து இறங்குகின்றன. 1920ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்டப்படி, அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே சரக்கு ஏற்றும் கப்பல் அமெரிக்காவிலேயே கட்டப்பட்டிருக்க வேண்டும். அதன் கூடுதல் செலவும் கடைவிலையில் சேர்கிறது. மின்சாரத்துக்கும் பெருமளவு, கப்பலில் வரும் எண்ணெயே எரிக்கப்படுகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சுமை வீடுதான். ஓவாஹு தீவில் தனி வீட்டின் இடைநிலை விலை 2021இல் 10 லட்சம் டாலரைத் தாண்டியது. வீடு கட்ட ஏற்ற நிலமோ குறைவு. அதிலும் வெளியூர்க்காரர்களின் விடுமுறை வீடுகள் இடம் பிடிக்கின்றன. 2023 ஆகஸ்டில் மாவி தீவின் லஹைனா நகரம் தீக்கிரையானபின், அங்கே வாடகைக்கு வீடு கிடைப்பதே அரிதாயிற்று.

ஆனாலும் கடலும் எரிமலைச் சரிவும் தாத்தா பாட்டியின் அருகாமையும் அங்கே இருப்பவர்களை இழுத்துப் பிடிக்கின்றன. இரண்டு மூன்று வேலை பார்த்தோ, மூன்று தலைமுறை ஒரே கூரையின்கீழ் நெருக்கியடித்தோ பலர் அங்கேயே வாழ்கிறார்கள். முடியாதவர்கள் லாஸ் வேகாஸ் போகிறார்கள்; எட்டுப் பெரிய தீவுகளைக் கொண்ட மாநிலத்தவர் அந்த நகரை 'ஒன்பதாம் தீவு' என்றே அழைக்கிறார்கள். வேதனை மிகுந்த உண்மை இதுதான்: 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஹவாய்ப் பூர்வகுடியினரில் பாதிக்கு மேற்பட்டோர் ஹவாய்க்கு வெளியே வசிக்கிறார்கள்.