திமிங்கிலத்தின் முதுகில் ஓர் அடையாளம்

கரிசல் பூமியில் பிறந்தவன் கடலைப் பற்றிப் பேசலாமா என்று மாணவ நண்பர்கள் கேட்கக்கூடும். கோவில்பட்டியைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பருத்தியும் கம்பும் உளுந்துமே தெரிகின்றன. ஆயினும், எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தின் மற்றோர் ஓரத்தில் மன்னார் வளைகுடா அலை வீசிக்கொண்டிருக்கிறது.

2016-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் தேதி மாலை, திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் இடைப்பட்ட அந்தக் கரையில் 81 திமிங்கிலங்கள் வந்து ஒதுங்கின. பைலட் திமிங்கிலம் எனப்படும் இனம் அது. செய்தி கேட்டு மறுநாள் பஸ் ஏறிச் சென்றேன். மணலில் கிடந்த கரிய உடல்களை மீனவர்கள் கயிறு கட்டிப் படகுகளால் ஆழத்துக்கு இழுத்துச் சென்றார்கள். சில, விட்ட பின்னும் கரைக்கே திரும்பின. 45 திமிங்கிலங்கள் மடிந்தன. 1973 ஜனவரியிலும் இதே வளைகுடாக் கரையில் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கியதுண்டு.

“கடலில் விட்டவை பிழைத்திருக்குமா?” என்று என் அருகில் நின்ற சிறுவன் ஒருவன் கேட்டான். என்னால் விடை கூற இயலவில்லை. எங்கள் ஊரில் கிடை போடுவோர், மந்தை கலந்தாலும் தம் ஆட்டைக் காதிலுள்ள அடையாளத்தால் கண்டுகொள்வார்கள். அடையாளம் இல்லாத திமிங்கிலமோ, நீரில் மூழ்கியதும் நம் அறிவிலிருந்தும் மறைந்துவிடுகிறது.

அடையாளம் இடும் முயற்சி புதிதன்று. 1930-களில் தென் கடலில் ஆங்கிலேய ஆராய்ச்சியாளர்கள் எண் பொறித்த எஃகுக் குழலைத் துப்பாக்கியால் திமிங்கிலத்தின் உடலில் செலுத்தினார்கள். அதை வேட்டைக்காரர் கொன்று அறுத்தபோதுதான் குழல் திரும்பக் கிடைத்தது. எங்கே குறியிடப்பட்டது, எங்கே கொல்லப்பட்டது என்ற இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ள ஓர் உயிரே விலையாயிற்று!

இன்றைய முறைகள் உயிரோடிருக்கும் விலங்கையே வினவுகின்றன. எல்லாவற்றிலும் எளியது புகைப்படம். முதுகுத் துடுப்பின் விளிம்பிலுள்ள வெட்டுகளும் வடுக்களும் ஒவ்வொன்றுக்கும் வேறுபடுவதால், அவற்றைக் கொண்டே ஆளை அடையாளம் காணலாம்.

அடுத்தது செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் கருவி. கடல்நீரை வானொலி அலை ஊடுருவாது. ஆகையால், மூச்சு வாங்க விலங்கு மேலே வரும் அந்தச் சில நொடிகளில்தான் கருவி பேசுகிறது. 2024 டிசம்பரில் அஸ்ஸாமில் ஒரு கங்கை ஓங்கிலுக்கு இத்தகைய கருவி பொருத்தப்பட்டது. இந்தியாவில் அதுவே முதன்முறை.

மூன்றாவது, நீண்ட கோலின் நுனியிலிருந்து முதுகில் ஒட்டப்படும் கருவி. ரப்பர்க் கிண்ணங்கள் உறிஞ்சிப் பிடித்துக்கொள்வதால் காயம் இல்லை. சில மணி நேரத்தில் தானே கழன்று மிதக்கும். ஆழத்தையும் அசைவையும் ஒலியையும் அது பதிவு செய்கிறது. கானரித் தீவுகளுக்கருகே, நம் கரையில் ஒதுங்கிய அதே இனத்தின் மீது இதை ஒட்டிப் பார்த்தார்கள். அவை ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் இரையைத் துரத்தி விரைந்து பாய்வது தெரியவந்தது.

இனி, மாதிரி எடுத்தல். மண் பரிசோதனைக்கு நம் உழவர் வயல் முழுவதையும் தோண்டுவதில்லை. பத்து இடங்களில் சிறிது எடுத்துக் கலந்து, அரைக் கிலோவைத்தான் அனுப்புகிறார். திமிங்கிலத்துக்கும் இவ்வாறே. குறுக்கு வில்லிலிருந்து எய்யும் அம்பின் நுனியில் பென்சில் பருமனுள்ள குழல் இருக்கும். அது தோலையும் கொழுப்பையும் சிறிதளவு கவ்விக்கொள்ளும். ஆழப் பாயாதபடி ஒரு தடுப்பு அம்பைத் திருப்பித் தள்ள, அது நீரில் மிதக்கும். தோலின் மரபணுவிலிருந்து பால், உறவு முறை ஆகியன தெரிகின்றன. கொழுப்பிலிருந்து உணவும், உடலில் சேர்ந்த நச்சும், கருவுற்றிருத்தலும் தெரிகின்றன.

ஒதுங்கும் கூட்டம் ஒரே குடும்பம், தாயைத் தொடர்ந்து பிள்ளைகள் வருகின்றன என்று முன்பு பலர் எண்ணினர். நியூஸிலாந்திலும் டாஸ்மேனியாவிலும் ஒதுங்கிய, இதற்கு நெருங்கிய இனத்தின் தோலைச் சோதித்தபோது, ஒரே கூட்டத்தில் பல தாய்வழிகள் கலந்திருந்தன. இதனை 2013-இல் வெளியிட்டார்கள். எத்தனை நாள் நம்பிக்கையை ஒரு துண்டுத் தோல் திருத்திவிட்டது!

இவற்றில் தீங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். அம்பு குத்துகிறது; சதையில் ஊன்றும் கருவி புண்ணாக்கலாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அனுமதியின்றி இவற்றைச் செய்யவும் கூடாது. கேள்வி பெரிதாகவும் காயம் சிறிதாகவும் இருந்தால்தான் இது நியாயமாகும்.

அந்தச் சிறுவனின் கேள்வி பெரிய கேள்வியே. அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் கரையில் ஒதுங்கி, பேணி வளர்க்கப்பட்ட ஓர் இளம் பைலட் திமிங்கிலத்தை 1987-இல் கருவியுடன் கடலில் விட்டார்கள். 95 நாள் அதன் செய்தி வந்துகொண்டிருந்தது. 7,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தியிருந்தது. ஆகவே, அது பிழைத்தது என்று அங்கே சொல்ல முடிந்தது. நம் கரையில் மறுமுறை திமிங்கிலங்கள் ஒதுங்கினால், கயிற்றோடு ஒரு கருவியும் நம் கையில் இருக்க வேண்டும். அதை ஏந்தி நிற்கும் கை, இதைக் கேட்கும் உங்களில் ஒருவருடையதாக இருக்கட்டும்.