வாசிப்பை நேசிக்கும் பிள்ளைகள்



ஹிராக் குகையில் அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு அருளப்பட்ட முதல் வஹீயின் முதற்சொல் ‘இக்ரஃ’ என்பதாகும். ‘ஓதுவீராக’ என்பது அதன் பொருள். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு (கி.பி. 624) நடைபெற்ற பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் பிணைத்தொகை செலுத்த இயலாத சிலர், அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றனர் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. அன்றைய மதீனாவுக்குப் பொருள் தேவைப்படாமலில்லை. ஆயினும் பிள்ளைகளின் எழுத்தறிவு அப்பொருளுக்கு ஈடாக மதிக்கப்பட்டது.

இம்மரபில் வந்த நம் இல்லங்களில் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் நிறைய உண்டு. படிக்க விரும்பும் பிள்ளைகள் எத்தனை பேர்?

வெறுப்பு எங்கே பிறக்கிறது?

நம் பிள்ளைகளில் பலர் ஐந்தாறு வயதிலேயே மூன்று எழுத்து முறைகளைச் சந்திக்கின்றனர். மக்தபில் வலமிருந்து இடமாக அரபி. பள்ளிக்கூடத்தில் இடமிருந்து வலமாகத் தமிழும் ஆங்கிலமும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பருவத்தில் குழந்தையின் கவனம் முழுவதும் எழுத்தை அடையாளம் காண்பதிலேயே செலவாகிவிடுகிறது. வாக்கியத்தின் முடிவை எட்டும்போது அதன் தொடக்கம் மறந்துபோகிறது. பொருள் விளங்காத வாசிப்பில் இன்பம் எங்கிருந்து வரும்? அந்நேரத்தில் அதட்டலும் பிரம்பும் சேர்ந்துவிட்டால், புத்தகம் என்றாலே தண்டனை என்று அந்தப் பிஞ்சு மனம் முடிவு செய்துகொள்ளும்.

தமிழில் இன்னொரு தடையும் உண்டு. ‘வந்துட்டாங்க’ என்று கேட்டு வளர்ந்த குழந்தைக்கு, ஏட்டில் காணும் ‘வந்துவிட்டார்கள்’ என்பது வேற்று மொழியைப் போலத் தோன்றுகிறது.

வாசித்துக் காட்டுங்கள்

இவ்விரு தடைகளுக்கும் பெற்றோர் கையிலேயே மருந்து இருக்கிறது. நீங்கள் வாசியுங்கள், குழந்தை கேட்கட்டும். எழுத்துக்கூட்டும் சுமை அப்போது நீங்குகிறது. கதையின் பொருள் நேரே உள்ளத்தில் இறங்குகிறது. ஏட்டுத் தமிழும் செவிக்குப் பழகிவிடுகிறது. இஷாவுக்குப் பின் கால் மணி நேரம் போதும். சொற்களை விரலால் தொட்டுக் காட்டுங்கள். கேட்ட கதையையே குழந்தை மீண்டும் கேட்டால் சலிக்காமல் வாசியுங்கள். அறிந்த கதையில்தான் அது சொற்களைத் தானே இனங்காணத் தொடங்கும். தானாகப் படிக்கத் தொடங்கிய பின்னரும் இதை நிறுத்திவிடாதீர்கள்.

இது நமக்குப் புதிய வழக்கமன்று. 19ஆம் நூற்றாண்டில் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) போன்ற பெரியோர்கள் அறபுத்தமிழில் நூல்கள் இயற்றினர். நம் முன்னோர் வீடுகளில் அத்தகைய நூல்களை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றியமர்ந்து செவிமடுத்தனர்.

விருப்பத்தின் வழியே செல்லுங்கள்

அனஸ் (ரலி) அவர்களின் சின்னஞ்சிறு தம்பி அபூஉமைர் ஒரு குருவியை வளர்த்து வந்தார். நபி (ஸல்) அவர்கள் அவ்வீட்டிற்குச் செல்லும்போது அக்குருவியைப் பற்றியே அவரிடம் அன்பொழுக விசாரிப்பார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்ற நபிமொழி இது. குழந்தை எதை நேசிக்கிறதோ, அந்த வாயில் வழியாகவே அதன் உள்ளத்தில் நுழைய வேண்டும் என்ற பாடம் இதில் இருக்கிறது. பறவையை நேசிக்கும் பிள்ளைக்குப் பறவை நூலையும், பந்தை நேசிக்கும் பிள்ளைக்கு விளையாட்டு வீரரின் வரலாற்றையும் கொடுங்கள். ஒரு பக்கத்தில் பல சொற்கள் இடறினால் அந்நூல் அவ்வயதிற்குக் கடினமானது. எளியதை எடுத்துக் கொடுங்கள்.

‘கதைப் புத்தகம் வீண், பாடத்தைப் படி’ என்று கூறுவோர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைத் திருக்குர்ஆன் அழகிய வரலாறு என்றே அறிமுகப்படுத்துகிறது. கதையின் வழியே பொறாமையையும் பொறுமையையும் மன்னிப்பையும் மனிதன் உணர்ந்துகொள்கிறான். நூலின் தரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நம் கடமை. கதையையே தடுப்பது அறிவுடைமையாகாது.

நூலகம் நம் உரிமை

வாங்க வசதியில்லையே என வருந்த வேண்டாம். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின் வழியே தமிழகத்தில் பொது நூலகங்கள் வளர்ந்தன. நாம் செலுத்தும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. சென்னையில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்கென்றே தனிப் பிரிவுகள் உள்ளன. உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் பிள்ளையின் பெயரிலேயே உறுப்பினர் அட்டை எடுத்துக் கொடுங்கள். நூலைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளையின் ஆர்வத்தை வளர்க்கும்.

நம் கையில் இருப்பது என்ன?

கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு ‘போய்ப் படி’ என்று ஏவும் தந்தையின் சொல்லைப் பிள்ளையின் காது கேட்கிறது. அவர் செயலையோ கண் கற்றுக்கொள்கிறது. நாள்தோறும் சிறிது நேரம் எல்லோருடைய கைப்பேசிகளும் ஓய்வெடுக்கட்டும். எல்லோருடைய கைகளிலும் நூல் இருக்கட்டும். படித்ததைப் பற்றித் தேர்வாளரைப் போல் வினவாமல், தோழரைப் போல் உரையாடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் மக்களைப் பயனுள்ள கல்வியை விரும்பித் தேடுவோராக ஆக்கியருள்வானாக! ஆமீன்.