வாரக் கணக்கும் நெடுந்தொலைவு ஓட்டமும்

மதுரை எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கின் ஓடுதளத்திலும் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிய சாலையிலும் கதிரவன் எழுமுன்னரே ஓடத் தொடங்குவோர் பலர். அவர்களுள் நெடுந்தொலைவுப் போட்டிகளுக்கு ஆயத்தமாவோர் சிலரே. காவல்துறை, இராணுவத் தேர்வுகளை எதிர்நோக்கும் இளைஞர் மிகுதி. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை ஏழு நிமிடங்களுக்குள் கடக்க வேண்டும். இராணுவத் தேர்வில் 1.6 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

தேர்வு நாள் அறிவிக்கப்பட்டதும், அதுவரை ஓடிப் பழகாத இளைஞர் ஒருவர் நாள்தோறும் எட்டு அல்லது பத்து கிலோமீட்டர் ஓடத் தொடங்குகிறார். இரண்டு வாரங்களில் மூச்சிரைப்பு குறைகிறது, நம்பிக்கை பெருகுகிறது. மூன்றாவது அல்லது நான்காவது வாரத்தில் கணைக்காலில் வலி தோன்றுகிறது. வலியைப் பொறுத்துக்கொண்டு மேலும் ஓடுகிறார். தேர்வு நாளன்று அவரால் ஊன்றி நடக்கவும் இயலுவதில்லை. இவரிடம் ஊக்கம் குறைவு என்று எவரும் கூற முடியாது. பிழை வாரக் கணக்கில் உள்ளது.

ஒரு வாரத்தில் ஓடும் மொத்தத் தொலைவையே பயிற்சியாளர்கள் அடிப்படை அளவாகக் கொள்வர். ஒரு நாளின் மிகை ஓட்டத்தை மறுநாள் ஓய்வு ஈடுசெய்யலாம். வாரத் தொகையோ உடல் தாங்கிவரும் சுமையை உள்ளவாறு காட்டும்.

இச்சுமைக்கு உடலின் உறுப்புகள் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. பயிற்சி தொடங்கிய ஓரிரு வாரங்களிலேயே குருதியின் நீர்மப் பகுதி பெருகுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான குருதியை அனுப்புகிறது. தசைகளில் நுண்குழாய்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும். தசைநாண்களும் எலும்புகளும் உறுதிபெறவோ பல திங்கள்கள் தேவை. மூச்சு 'ஓடு' என்கிறது. எலும்போ இன்னும் ஆயத்தமாகவில்லை.

எலும்பு உயிரற்ற தூண் அன்று. புதிய சுமை ஏறும்போது ஒருவகை உயிரணுக்கள் பழைய எலும்பை அரித்து நீக்குகின்றன. வேறொரு வகை அவ்விடத்தில் புதிய எலும்பைக் கட்டுகின்றன. அரித்தல் சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டி முடிக்க மூன்று திங்கள் வரை ஆகலாம். பழைய சுவரை இடித்துவிட்டுப் புதுச்சுவர் எழுப்பும் வீட்டில் இடைப்பட்ட நாளில் பெருமழை பெய்வது போன்றதே அக்காலத்தில் தொலைவைத் திடீரென உயர்த்துவது. அப்போது எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் உண்டாகலாம். இரு கால்களிலும் பரவலாக இருந்து ஓரிரு நாளில் மறையும் வலி பெரும்பாலும் தசை வலியே. ஒரு விரலால் தொட்டுக் காட்டத்தக்க ஓரிடத்தில், ஓட ஓட மிகும் வலி அத்தகையதன்று. ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும்.

அவ்வாறாயின் வாரந்தோறும் எவ்வளவு கூட்டலாம்? 'பத்து விழுக்காட்டுக்கு மேல் வேண்டா' என்பது ஓட்டக்காரர்களிடையே பரவலாக வழங்கும் விதி. வாரம் 20 கி.மீ. ஓடுபவர் இவ்விதியைப் பின்பற்றினால் எட்டு வாரங்களில் 40 கி.மீ.யைக் கடந்துவிடுவார். ஆயினும் இதனை மாறா விதியாகக் கொள்வது பொருந்தாது. நெதர்லாந்தில் புதிதாக ஓடத் தொடங்கிய 532 பேரிடம் நடத்தப்பெற்று 2008இல் வெளியான ஆய்வில், இவ்விதிப்படி மெல்ல உயர்த்தியோரிலும் வழக்கமான முறையில் பயின்றோரிலும் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் காயமுற்றார். வாரம் 5 கி.மீ. ஓடுபவருக்குப் பத்து விழுக்காடு அரைக் கிலோமீட்டரே, 100 கி.மீ. ஓடுபவருக்கோ அது 10 கி.மீ. ஒரே அளவுகோல் இருவருக்கும் பொருந்தாது.

ஆகவே மூன்று வாரம் ஏற்றி, நான்காம் வாரம் இறக்கும் முறையைப் பலர் கைக்கொள்கின்றனர். 15, 17, 19 என உயர்ந்து, நான்காம் வாரம் 14 கி.மீ.க்குத் தாழ்ந்து, மீண்டும் 19இலிருந்து தொடங்குவது ஓர் எடுத்துக்காட்டு. முதல் வாரத்தின் 15 கி.மீ.யைச் செவ்வாய் 3, வியாழன் 4, வெள்ளி 3, ஞாயிறு 5 எனப் பகிரலாம். பெரும்பகுதியைப் பேசிக்கொண்டே ஓடத்தக்க மென்வேகத்தில் ஓட வேண்டும். தொலைவையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் உயர்த்தலாகாது. காய்ச்சலாலோ தேர்வாலோ ஒரு வாரம் விடுபட்டால், விடுபட்ட தொலைவை அடுத்த வாரத்தில் சேர்த்து ஓடுதல் கூடாது. மாணவர் பலர் செய்யும் தவறு இதுவே.

மென்வேக ஓட்டத்தின் பயனை உலகுக்கு உணர்த்தியவருள் முதன்மையானவர் நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட். அவர் தம் உடலிலேயே பல அளவுகளைச் சோதித்து, வாரம் 100 மைல், அதாவது 160 கி.மீ., என்னும் அளவை வகுத்தார். இரண்டு நிமிடத்துக்குள் முடியும் 800 மீட்டர் ஓட்டத்துக்கும் இப்பயிற்சியையே அளித்தார். அவருடைய மாணவர் பீட்டர் ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவ்வோட்டத்தில் தங்கம் வென்றார். அன்றே மற்றொரு மாணவர் முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரில் வென்றார். ஆனால் இவ்வீரர்கள் பல ஆண்டுப் பயிற்சிக்குப் பின்னரே அத்தொலைவைத் தாங்கினர்.

மதுரைக்கு வடகிழக்கிலுள்ள வறண்ட சமவெளி மாவட்டமான புதுக்கோட்டையும் நெடுந்தொலைவு வீரர்களை ஈன்றுள்ளது. இராணுவ வீரரான கோ. லட்சுமணன் 2017இல் புவனேசுவரத்தில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் ஆகிய இரண்டிலும் தங்கம் வென்றார். சூரியா 2016இல் குவாஹாட்டித் தெற்காசிய விளையாட்டுகளில் அவ்விரு தொலைவுகளிலும் வாகை சூடினார். 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரை மூன்றாவதாக முடித்த லட்சுமணன், ஓடுதளத்தின் உட்கோட்டைக் கடந்து கால் வைத்ததற்காகத் தகுதி நீக்கப்பட்டு வெண்கலத்தை இழந்தார். பத்தாயிரம் மீட்டர் என்பது ஓடுதளத்தில் 25 சுற்று. அரை மணிநேரத்தில் முடிந்துவிடும். அதற்காக உலகத்தர வீரர்கள் வாரந்தோறும் 150 கி.மீ.க்கும் மேல் ஓடுகின்றனர்.

மதுரையில் வாரக் கணக்கை வெயிலும் திருத்தும். சித்திரை, வைகாசியில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியசை ஒட்டிச் செல்லும். வெப்பத்துக்கு உடல் பழக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை தொலைவைக் கூட்டாது விடுதலே தக்கது. தரையும் கருதத்தக்கது. கண்மாய்க் கரையின் மண்பாதை தார்ச்சாலையைவிட மென்மையானது; எனினும் இருளில் மேடுபள்ளம் தெரியாது கணுக்கால் பிறழ்வதும் அங்கேயே மிகுதி.

காவலர் தேர்வுக்குக் குறைந்த அளவு வயது 18. பதினொன்றாம் வகுப்பு மாணவருக்கு அதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், அதாவது நூறு வாரங்கள் உள்ளன. இன்று வாரம் 8 கி.மீ. மட்டும் ஓடக்கூடியவர் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒரு கிலோமீட்டர் கூட்டினாலும், அந்நாளில் வாரம் 30 கி.மீ.க்கு மேல் ஓடிக்கொண்டிருப்பார்.