நிஜமா, நடிப்பா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரவு பன்னிரண்டு மணியாகியும் பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் தூங்காமல் ஹாலில் உட்கார்ந்திருந்தான். பலமுறை கேட்ட பிறகுதான் செல்போனைக் காட்டினான். நண்பன் ஒருவன் அனுப்பிய வீடியோ. சாமுராய் வேடம் போட்ட ஒருவன், கட்டிலில் கட்டப்பட்ட பெண்ணின் கையை வெட்டுகிறான். கீழே "அஸ்லி ஹை" என்று குறிப்பு வேறு.

"நெஜமாப்பா?" என்றான்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் திட்டினால் அவன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுமா? இருவருமாக உட்கார்ந்து தேடிப் பார்த்தோம்.

அது 1985-இல் ஜப்பானில் வந்த ஒரு வீடியோ படம். 'கினி பிக்' என்ற வரிசையில் இரண்டாவது. அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'ரத்தமும் சதையுமான மலர்'. எடுத்தவர் ஹிதேஷி ஹினோ. பயங்கரக் கதைகளைப் படக்கதையாக வரைபவர். முக்கால் மணி நேரம்கூட ஓடாத இந்தப் படத்தில் கதை என்று எதுவும் இல்லை. கடத்தல், வெட்டு, ரத்தம், அவ்வளவுதான்.

அப்படியானால் நிஜம் போல் தோன்றுவது ஏன்? யாரோ வீட்டில் வைத்து எடுத்த பதிவு போலவே காட்சிகள் அமைந்திருப்பது ஒரு காரணம். இன்னொன்று, தொடக்கத்தில் வரும் அறிவிப்பு. முகம் தெரியாத ரசிகர் ஒருவர் ஹினோவுக்கு ஒரு படச்சுருளும் கடிதமும் அனுப்பியதாகவும், அதை வைத்தே இப்படம் எடுக்கப்பட்டதாகவும் அது சொல்கிறது. அந்த அறிவிப்பே ஒரு கட்டுக்கதை!

இதில் ஏமாந்தது என் மகன் மட்டுமல்ல. 1991-இல் ஹாலிவுட் நடிகர் சார்லி ஷீன் இதைப் பார்த்துவிட்டு, உண்மைக் கொலை என்றே நம்பிப் புகார் செய்தார். எஃப்.பி.ஐ. வரை விஷயம் போனது. சினிமாவிலேயே பிழைப்பவருக்கே அந்தச் சந்தேகம்! படம் எப்படித் தயாரானது என்று காட்டும் தனி வீடியோ ஒன்றை ஜப்பானியர்கள் ஏற்கெனவே வெளியிட்டிருந்தார்கள். வெட்டுப்பட்டவை செயற்கை உறுப்புகள், ஓடியது சினிமா ரத்தம் என்பது தெளிவாகி, விசாரணை முடிந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மகன், "அப்போ அந்தப் பொண்ணு?" என்றான்.

"நடிச்சு முடிச்சதும் சாயத்தைக் கழுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பா" என்றேன். அதன் பிறகுதான் அவன் முகம் தெளிந்தது. போய்ப் படுத்தான்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இந்தப் படத்துக்கு 'நடிப்பு' என்று காட்ட ஒரு சாட்சி இருந்தது. இன்று பிள்ளைகளின் கைக்கு வரும் வீடியோக்களில் உண்மையான கொடுமைகளும் கலந்திருக்கின்றன. அவற்றில் எந்தப் பெண்ணும் எழுந்து வீட்டுக்குப் போவதில்லை. ஆகவே ஷீனைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. சந்தேகம் வந்ததும் அதை அடுத்தவருக்கு அனுப்பாமல், சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னாரே, அதுதான் சரி.

ஊரை விட்டு வந்து இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் நம்முடையவை. இரவில் பக்கத்தில் உட்காரப் பாட்டியும் தாத்தாவும் இங்கே இல்லை. "நெஜமாப்பா?" என்று பிள்ளை கேட்டால், செல்போனைப் பிடுங்குவதற்கு முன் பதிலைச் சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள். அடுத்த முறையும் அவன் நம்மிடம்தானே வந்து கேட்க வேண்டும்?